கொழும்பில் ஆர்டிகே, பிபிபி திருத்தச் சேவைகள்: ஆயத்தம் முதல் கோப்பு ஒப்படைப்பு வரை

நில அளவை, ட்ரோன் படப்பதிவு, குழாய் மற்றும் கேபிள் வரைபடம், கட்டுமான இடக்குறிப்பு என்று ஏதோவொரு வேலைக்காகக் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் திருத்தச் சேவையை முதன்முறை பயன்படுத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருத்தம் எதுவும் இல்லாமல், திறந்த வானத்தின் கீழ் ஒரு ரிசீவர் (ஜிபிஎஸ் போன்ற செய்மதிகளின் சமிக்ஞையை வாங்கி இடம் காணும் கருவி) சில மீற்றர் பிழையோடுதான் இடத்தைச் சொல்லும். செய்மதியின் பாதை, அதன் கடிகாரம், சமிக்ஞை கடந்துவரும் அயனமண்டலம், அதற்குக் கீழே உள்ள ஈரக்காற்று ஆகியவைதான் அந்தப் பிழையின் பெரும்பகுதிக்குக் காரணம். திருத்தச் சேவை இவற்றை வேறு இடங்களில் அளந்து, கணக்குப் பார்த்து உங்களுக்கு அனுப்புகிறது. அதில் இரண்டு வகை: ஆள்கூறு தெரிந்த இடத்தில் நிலையாக நிற்கும் ரிசீவரோடு, அதாவது பேஸ் நிலையத்தோடு, ஒப்பிட்டு இடம் காண்பது ஆர்டிகே. பக்கத்தில் பேஸ் இல்லாமலே, செய்மதிப் பாதை, கடிகாரத் திருத்தங்களை வைத்து இடம் காண்பது பிபிபி.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் கருவியில் இல்லை, வேலையின் வரிசையில்தான். முதலில் சேவையை வாங்குகிறார்கள், பிறகு கருவியை இணைக்கிறார்கள், புள்ளிகளை எல்லாம் எடுத்து முடித்த பிறகு "இது எந்த ஆள்கூற்று முறை?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும். திரையில் தெரியும் 'ஃபிக்ஸ்' என்ற சொல், பேஸ் நிலையத்துக்கும் உங்களுக்கும் இடையிலான தூரக்கணக்கு தீர்ந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த பேஸின் ஆள்கூறு சரியா, அது நீங்கள் நினைக்கும் முறையில்தான் இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

1. எவ்வளவு துல்லியம் தேவை என்று முதலில் எழுதுங்கள்

மீற்றரா, டெசிமீற்றரா, சென்ரிமீற்றரா? இதை வாடிக்கையாளரிடம் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சேவை, கருவி, செலவு எல்லாம் இந்த ஒரு பதிலில்தான் தொங்குகின்றன.

தெருவிளக்குக் கம்பங்களையும் மரங்களையும் வரைபடத்தில் இடுவதற்கு அரை மீற்றர் போதும். வடிகான் சரிவு பார்க்க உயரத்தில் ஓரிரு சென்ரிமீற்றர் வேண்டும். காணி எல்லை வேறு கதை. வெள்ளவத்தையில் 6 பேர்ச் காணி என்றால் ஏறத்தாழ 152 சதுர மீற்றர், அதாவது 10க்கு 15 மீற்றர் அளவு. 15 மீற்றர் எல்லையொன்று 10 சென்ரிமீற்றர் தள்ளினால் ஒன்றரைச் சதுர மீற்றர் போகிறது. அது ஒரு பேர்ச்சின் பதினேழில் ஒரு பங்கு. கொழும்புக் காணி விலையில் அது சின்னக் காசு இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். உறுதிக்கும் வழக்குக்கும் செல்லும் வரைபடத்தைப் பதிவு பெற்ற நில அளவையாளர்தான் தயாரிக்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. கையில் நல்ல ரிசீவர் இருப்பது அந்த உரிமையைத் தராது.

2. ஆள்கூற்று முறையை முடிவு செய்யுங்கள்

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய படி இதுதான். அவசரப்பட்டுத் தாண்டிப் போகவேண்டாம்.

கொழும்பில் உங்கள் முன்னால் மூன்று வகை எண்கள் வரும். பழைய வரைபடங்களும் பல திணைக்களக் கோப்புகளும் கந்தவளை டேட்டத்தில் (டேட்டம் என்பது ஆள்கூறுகள் நிற்கும் அடிப்படைப் பூமி மாதிரி) இருக்கும். புதிய அளவை வேலைகள் எஸ்எல்டி99 முறையில் இருக்கும். ரிசீவரும் கூகுள் வரைபடமும் டபிள்யூஜிஎஸ்84 என்று சொல்லும். மென்பொருளில், ஆள்கூற்று முறைகளுக்கான இபிஎஸ்ஜி என்ற சர்வதேச எண்பட்டியலின்படி, கந்தவளைக் கட்டத்துக்கு இபிஎஸ்ஜி 5234 என்றும் எஸ்எல்டி99க்கு இபிஎஸ்ஜி 5235 என்றும் தேடினால் கிடைக்கும்.

முதல் இரண்டையும் பார்த்தவுடன் பிரித்தறியலாம். கந்தவளைக் கட்டத்தின் தொடக்கப் புள்ளிக்கு 2,00,000 மீற்றர் என்றும் எஸ்எல்டி99க்கு 5,00,000 மீற்றர் என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கோட்டைப் பகுதியில் நிற்கும்போது எஸ்எல்டி99இல் கிழக்கு 3,98,000 அளவிலும் வடக்கு 4,92,000 அளவிலும் வரும். கந்தவளையில் அதே இடம் 98,000, 1,92,000 அளவில் வரும். வேறு ஏதாவது எண் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை: இரண்டுக்கும் வித்தியாசம் 3,00,000 என்று கண்டுபிடித்து, எக்செல் கோப்பில் கழித்துவிட்டு "மாற்றிவிட்டேன்" என்பது. இரண்டும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அளவீடுகளிலிருந்து கணக்கிடப்பட்ட வலையமைப்புகள். கழித்த பிறகும் வித்தியாசம் மிஞ்சும். மென்பொருளின் முறையான மாற்றத்தைப் பயன்படுத்துங்கள், பிறகு தெரிந்த புள்ளியொன்றில் சரிபாருங்கள்.

இரண்டாவது பிழை, ஒரு டேட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஏழு அளவுருக்களை (மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, ஒரு அளவு விகிதம்) கையால் தட்டச்சு செய்யும்போது வருவது. சுழற்சி மூன்றுக்கும் கூட்டல் கழித்தல் குறியைச் சில மென்பொருள்கள் ஒரு விதமாகவும் மற்றவை நேரெதிராகவும் எடுத்துக்கொள்ளும். குறி மாறினால் புள்ளி நூறு மீற்றருக்கு மேலேயே விலகும். அந்தளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும், அது நல்லது. கண்ணில் படாத பிழை அடுத்தது.

இலங்கை இந்தியத் தட்டில் இருக்கிறது. அந்தத் தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வடகிழக்காக நகர்கிறது. உலகளாவிய பிபிபி சேவைகள் உங்கள் இடத்தை ஐடிஆர்எஃப் என்ற உலக ஆள்கூற்றுச் சட்டகத்தில், அளந்த நாளுக்குரியதாகத் தரும். எஸ்எல்டி99க்கு மாற்றும் அளவுருக்களோ 1990களின் அளவீடுகளில் நிற்கின்றன. இடையிலான காலத்தில் தீவு ஒரு மீற்றருக்கு மேல் நகர்ந்துவிட்டது. இன்றைய பிபிபி விடையை எடுத்து நேரடியாக அந்த அளவுருக்களைப் போட்டால், சென்ரிமீற்றர் துல்லியத்தோடு ஒரு மீற்றர் தள்ளிய விடை கிடைக்கும். புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளுவதால் வரைபடம் அழகாகவே தெரியும். பக்கத்துக் காணியின் பழைய வரைபடத்தோடு வைக்கும்போதுதான் பிழை வெளிவரும்.

ஆகவே இந்தப் படி முடியும்போது உங்கள் குறிப்பேட்டில் மூன்று விடயங்கள் இருக்கவேண்டும்: இறுதி ஆள்கூற்று முறை, சேவை தரும் சட்டகமும் அதன் தேதியும், வேலைத்தளத்துக்கு அருகில் ஆள்கூறு தெரிந்த இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகள். கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் விவரத்தை நாரஹேன்பிட்ட கிருல வீதியில் உள்ள நில அளவைத் திணைக்களத்தில் கேட்டுப் பெறலாம். ஒன்று போதாதா என்று கேட்பார்கள். ஒன்று மட்டும் இருந்தால் பிழை உங்களிடமா, அந்தப் புள்ளியிலா என்று பிரித்தறிய வழியில்லை. வீதி அகலிப்பில் தோண்டி எடுக்கப்பட்டுத் திரும்பப் பதிக்கப்பட்ட கற்கள் கொழும்பில் இருக்கின்றன.

3. சேவையைத் தெரிவு செய்யுங்கள்

முதற்படியில் எழுதிய எண்ணை எடுத்துக்கொண்டு இதற்கு வாருங்கள்.

மீற்றர் அளவு போதுமென்றால் இந்தியாவின் ககன் என்ற செய்மதித் திருத்தச் சேவை இருக்கிறது. அதன் சமிக்ஞை நேராகச் செய்மதியிலிருந்து வருகிறது, கட்டணமில்லை, இணையம் தேவையில்லை. ஆனால் அதன் தரை நிலையங்கள் இந்தியாவில் உள்ளன. கொழும்பு அந்த வலையின் தெற்கு விளிம்பில் நிற்கிறது. ஆகவே ககன் எடுபடுகிறது என்பதை மட்டும் வைத்து அரை மீற்றருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

டெசிமீற்றர் அளவுக்கு, ஐரோப்பாவின் செய்மதிக் குடும்பமான கலிலியோவின் உயர் துல்லியச் சேவை நல்ல வழி. 2023 ஜனவரியில் தொடக்கச் சேவை அறிவிக்கப்பட்டது. கட்டணம் கிடையாது. கிடையாக 20 சென்ரிமீற்றரும் நிலைக்குத்தாக 40 சென்ரிமீற்றரும் இலக்கு. அந்த அளவுக்கு வர ஏறத்தாழ 5 நிமிடம் திறந்த வானத்தில் காத்திருக்க வேண்டும். திருத்தம் ஈ6 என்ற அலைவரிசையில் வருகிறது. எல்1, எல்2 என்ற அலைவரிசைகளை எடுக்கும், பலர் பயன்படுத்தும் எஃப்9பி ரிசீவருக்கு அந்த அலைவரிசை எட்டாது. வாங்கும் முன் இதைப் பாருங்கள், வாங்கிய பிறகு மென்பொருள் புதுப்பிப்பால் இது சரியாகாது. அதே திருத்தம் இணையம் வழியாகவும் கிடைக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தவும் பொருத்தமான ரிசீவரோ மென்பொருளோ வேண்டும்.

ட்ரிம்பிள் ஆர்டிஎக்ஸ், டெராஸ்டார் போன்ற கட்டணச் சேவைகளும் பிபிபி குடும்பம்தான். அவை செய்மதி வழியாக வருவதால் கைபேசி சமிக்ஞை இல்லாத இடத்திலும் கடலிலும் உதவும். உள்ளூர் பேஸ் தேவையில்லை. ஆனால் இரண்டாம் படியில் சொன்ன தட்டு நகர்வுச் சிக்கல் இங்கே முழுமையாக உங்கள் தலையில் விழும்.

சென்ரிமீற்றர் வேண்டுமென்றால் ஆர்டிகே. பக்கத்தில் உள்ள பேஸ் ஒன்றின் அளவீடுகளை நொடிக்கு நொடி வாங்கி, உங்கள் அளவீட்டோடு ஒப்பிட்டு இடம் காணும் முறை. ரிசீவர் தயாரிப்பாளர்கள் வழக்கமாக எழுதும் கணக்கு: கிடையாக 8 மில்லிமீற்றர், அதோடு பேஸ் இருக்கும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 1 மில்லிமீற்றர். பேஸ் 20 கிலோமீற்றரில் இருந்தால் 28 மில்லிமீற்றர். உயரத்துக்கு இதைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

நில அளவைத் திணைக்களம் எஸ்எல்கோர்ஸ்நெட் என்ற பெயரில் நிரந்தர நிலைய வலையமைப்பை நடத்துகிறது. கொழும்பில் காணி வேலைக்கு இதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். காரணம், பேஸின் ஆள்கூற்றுக்கு ஒரு பொறுப்பான நிறுவனம் இருக்கிறது. பதிவு, கட்டணம், இயங்கும் நிலையங்கள் ஆகியவற்றைத் திணைக்களத்திடமே கேளுங்கள்.

ஆர்டிகே2கோ போன்ற சமூகத் தளங்களில் இலவச பேஸ்களும் கிடைக்கும். பழகுவதற்கு நல்லவை. ஆனால் அந்த பேஸின் ஆள்கூற்றை யார், எப்படிக் கணக்கிட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. யாரோ மொட்டைமாடியில் சில நிமிடச் சராசரியை வைத்திருந்தால் உங்கள் புள்ளிகள் எல்லாம் ஓரிரு மீற்றர் கூட்டாக விலகும், ஃபிக்ஸ் மட்டும் பிரமாதமாக நிற்கும்.

4. கருவியை ஆயத்தம் செய்யுங்கள்

ரிசீவர் குறைந்தது இரண்டு அலைவரிசை எடுக்கவேண்டும். ஜிபிஎஸ்ஸோடு கலிலியோவும் சீனாவின் பெய்டூவும் வேண்டும். கட்டடங்களுக்கு இடையில் வானம் ஒரு கீற்றாகத் தெரியும்போது செய்மதிகளின் எண்ணிக்கைதான் உங்களைக் காப்பாற்றும்.

கம்பத்தின் வட்ட மட்டக்குமிழை வேலைக்குப் புறப்படும் முன் சோதியுங்கள். 2 மீற்றர் கம்பம் ஒரு பாகை சாய்ந்தால் தலை மூன்றரை சென்ரிமீற்றர் விலகும். சென்ரிமீற்றருக்காக சேவைக் கட்டணம் கட்டிவிட்டு அதைக் குமிழில் தொலைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்டெனா உயரத்தை எங்கிருந்து எங்குவரை அளக்கிறீர்கள் என்பதை மென்பொருளில் பாருங்கள். கம்ப நுனியிலிருந்து அன்டெனாவின் அடித்தளம் வரையா, அதன் மின்மையம் (சமிக்ஞை உண்மையில் அளக்கப்படும் புள்ளி) வரையா? அன்டெனா மாதிரியைச் சரியாகத் தெரிவு செய்தால் மீதிக் கணக்கை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மாதிரியையும் தெரிவு செய்து, மின்மைய உயரத்தையும் கையால் கூட்டினால் இரட்டிப்புப் பிழை.

பற்றரி இரண்டு. இரண்டு வலையமைப்புகளின் சிம் இருந்தால் நல்லது. டேட்டா செலவு ஒரு மணித்தியாலத்துக்குச் சில மெகாபைட்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இணைப்பு அறுந்து அறுந்து வருவதுதான் உண்மையான தொல்லை.

5. என்ட்ரிப் இணைப்பை வீட்டிலிருந்தே சோதியுங்கள்

திருத்தம் இணையம் வழியாக வரும் வழிக்கு என்ட்ரிப் என்று பெயர். ஐந்து விவரங்கள் தேவை: சேவையக முகவரி, போர்ட் எண், மவுண்ட்பொயின்ட் (சேவையகத்தில் உள்ள ஒரு தரவு ஓடையின் பெயர்), பயனர் பெயர், கடவுச்சொல். போர்ட் பெரும்பாலும் 2101, ஆனால் சேவை கொடுத்த எண்ணையே போடுங்கள். சில சேவைகள் ஒரே தரவை வெவ்வேறு சட்டகங்களில் வெவ்வேறு போர்ட்டில் தருகின்றன.

மவுண்ட்பொயின்ட் பட்டியலை இறக்கிப் பார்த்தால் பெயர்கள் குழப்பும். பார்க்கவேண்டியது மூன்று. தனி பேஸா, பல பேஸ்களைச் சேர்த்து உங்கள் இடத்துக்கெனக் கணக்கிடும் வலையமைப்புத் தீர்வா? திருத்தத் தரவுக்கான பொது வடிவமான ஆர்டிசிஎம் 3 தானா? உங்கள் ரிசீவர் எடுக்கும் செய்மதிக் குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டா? வலையமைப்புத் தீர்வு என்றால் உங்கள் தோராயமான இடத்தை ஜிஜிஏ வரியாக (ரிசீவர் தன் இடத்தையும் நிலையையும் சொல்லும் எழுத்து வரி) மேலே அனுப்பும் தெரிவை இயக்க வேண்டும். அதை மறந்தால் இணைப்பு "வெற்றி" என்று காட்டும், தரவு ஒரு சொட்டும் வராது. புதியவர்கள் சேவை நிறுவனத்துக்கு எடுக்கும் முதல் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் இதற்காகத்தான்.

வரும் செய்தி எண்களையும் பாருங்கள். 1005 அல்லது 1006 என்பது பேஸின் ஆள்கூறு. அது வராமல் ஆர்டிகே தொடங்காது. 1074, 1084, 1094, 1124 அல்லது 1077, 1087, 1097, 1127 என்பவை முறையே ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளொனாஸ், கலிலியோ, பெய்டூ அளவீடுகள். 1033 பேஸின் ரிசீவர், அன்டெனா விவரம். 1230 குளொனாஸுக்கான சார்புத் திருத்தம்.

ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் ஒரு கருவிதான் இணையலாம் என்பது பல சேவைகளின் விதி. அலுவலகத்தில் யாராவது சோதனைக்கு இணைத்துவிட்டு மறந்திருந்தால், களத்தில் நிற்கும் உங்கள் கருவி வெளியே தள்ளப்படும்.

இதையெல்லாம் வீட்டு முற்றத்திலோ மொட்டைமாடியிலோ பார்த்து முடியுங்கள். காலி வீதியில் வெயிலில் நின்று கடவுச்சொல் தேடும் நேரமல்ல.

6. இடத்தையும் நேரத்தையும் தெரிவு செய்யுங்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடும். கொழும்பில் அப்படி முடியாது. நாம் காந்த மத்தியகோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். நம் தலைக்கு மேலுள்ள அயனமண்டலம் உலகிலேயே அதிகம் கொந்தளிக்கும் பட்டைக்குள் வருகிறது.

பகலில், பிற்பகல் அளவில் அயனமண்டலத்தின் மின்துகள் அடர்த்தி உச்சத்துக்குப் போகும். பேஸ் தூரமாக இருந்தால் அங்குள்ள அயனமண்டலமும் உங்கள் தலைக்கு மேலுள்ளதும் ஒன்றாக இருக்காது. காலையில் 25 கிலோமீற்றரில் நன்றாக ஃபிக்ஸ் தந்த அதே பேஸ், பிற்பகலில் ஃப்ளோட்டிலேயே, அதாவது தூரக்கணக்கு முழுதாகத் தீராத நிலையிலேயே, கிடக்கலாம். கருவி பழுதென்று அதைக் கழற்றாதீர்கள்.

சூரியன் மறைந்த பிறகு இன்னொன்று தொடங்கும். அயனமண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழ்கள் மேலெழும்பி, செய்மதிச் சமிக்ஞையைப் படபடக்க வைக்கும். மாலை 7 மணிக்குப் பிறகு நள்ளிரவு வரை இது அதிகம். மார்ச்–ஏப்ரல், செப்டெம்பர்–ஒக்டோபர் மாதங்களிலும், சூரியச் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் வருடங்களிலும் மோசமாக இருக்கும். போக்குவரத்து குறைவென்று இரவு வேலை போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரவுதான் வேண்டுமென்றால் நள்ளிரவுக்குப் பிந்திய நேரம் பரவாயில்லை. என் தெரிவு எப்போதும் காலை, 10 மணிக்குள் முக்கிய புள்ளிகள் முடியவேண்டும்.

இனி இடம். காலி முகத்திடலிலோ துறைமுக நகரத்தின் வெட்டவெளியிலோ யாருக்கும் ஃபிக்ஸ் கிடைக்கும். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில், கோட்டையின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில்தான் சோதனை. சுவரில் பட்டுத் தெறித்த சமிக்ஞை நேர் சமிக்ஞையோடு கலந்தால் ரிசீவர் பொய் ஃபிக்ஸ் காட்டும். தகரக் கூரை, நிறுத்திய பஸ், கொள்கலன் லொறி எல்லாம் இதைச் செய்யும். மழைக்குப் பின் ஈரமான ஈரப்பலா இலைகளுக்குக் கீழேயும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். திறந்த இடத்தில் ஒன்றையொன்று பார்க்கக்கூடிய இரண்டு புள்ளிகளை ஆர்டிகேயில் வைத்து, உள்ளே இருப்பதை டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) எடுங்கள். அதுதான் நேரமும் மிச்சம், விடையும் நம்பகமானது.

7. களத்தில்: தெரிந்த புள்ளியில் தொடங்குங்கள்

இறங்கியவுடன் வேலைப்புள்ளிக்குப் போகாதீர்கள். முதலில் கட்டுப்பாட்டுப் புள்ளியில் கம்பத்தை நிறுத்துங்கள். செய்மதி உயரக் கோண வரம்பை 10 முதல் 15 பாகைக்குள் வையுங்கள். செய்மதிகள் வானில் எவ்வளவு நன்றாகப் பரவியிருக்கின்றன என்று சொல்லும் பிடாப் எண் 3க்குக் கீழே இருக்கட்டும். திருத்தத்தின் வயது ஓரிரு நொடியாக இருக்கவேண்டும், 10 நொடியைத் தாண்டினால் அளக்காதீர்கள்.

ஃபிக்ஸ் வந்ததும் அரை நிமிடச் சராசரி எடுத்து, தெரிந்த ஆள்கூற்றோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்தின் அளவு நோயைச் சொல்லும். நூற்றுக்கணக்கான மீற்றர் என்றால் டேட்டம் அல்லது சுழற்சிக் குறி. ஒரு மீற்றர் அளவில் வடகிழக்காக என்றால் தட்டு நகர்வு. எந்தத் திசையிலும் ஓரிரு மீற்றர் என்றால் பேஸின் ஆள்கூறு. உயரத்தில் மட்டும் இரண்டு மீற்றர் என்றால் கம்ப உயரத்தைப் போடவில்லை. 3 சென்ரிமீற்றருக்குள் இருந்தால், சரி, இரண்டாவது கட்டுப்பாட்டுப் புள்ளிக்குப் போங்கள். அதுவும் ஒத்துவந்த பிறகே வேலை தொடங்கும்.

முக்கியமான ஒவ்வொரு புள்ளியையும் இரு தடவை எடுங்கள். முதல் தடவை எடுத்ததும் அன்டெனாவைச் சற்று மறைத்தோ மென்பொருளில் மீட்டமைத்தோ ஃபிக்ஸை உடைத்து, திரும்ப ஃபிக்ஸ் வரவிடுங்கள். முடிந்தால் இரண்டாவதை அரை மணித்தியாலத்துக்குப் பிறகு எடுங்கள். அதற்குள் செய்மதிகள் இடம்மாறிவிடும், தெறிப்புப் பிழையும் மாறிவிடும். பொய் ஃபிக்ஸ் ஒருமுறை உங்களை ஏமாற்றலாம், அதே எண்ணோடு இரண்டாம் முறையும் வருவது அரிது. அடுத்தடுத்து ஐந்து தடவை பொத்தானை அழுத்துவது மீள்சோதனை ஆகாது, ஒரே பிழை ஐந்து தடவை பதியும்.

வேலை முடிந்ததும் தொடங்கிய கட்டுப்பாட்டுப் புள்ளிக்கே திரும்பி வந்து அளந்து மூடுங்கள்.

8. உயரம்

கடற்கரையில் நின்று முதன்முறை ரிசீவரைப் பார்ப்பவர்கள் உயரம் −92 மீற்றர் என்று கண்டு பதறுகிறார்கள். கருவி சரியாகத்தான் இருக்கிறது. ரிசீவர் கணக்கிடுவது எலிப்சொயிட் என்ற கணிதப் பரப்பிலிருந்து உயரம். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உலகின் மிக ஆழமான ஜியோயிட் பள்ளம் (ஜியோயிட் என்பது புவியீர்ப்பை ஒட்டிய சராசரி கடல்மட்டப் பரப்பு) இருக்கிறது. அதனால் கொழும்பில் சராசரி கடல்மட்டமே அந்தப் பரப்புக்கு ஏறத்தாழ 97 மீற்றர் கீழே கிடக்கிறது.

கணக்கு: எலிப்சொயிட் உயரத்திலிருந்து ஜியோயிட் உயரத்தைக் கழிக்க வேண்டும். −92 இலிருந்து −97ஐக் கழித்தால் 5 மீற்றர். கூட்டிவிட்டால் −189 வரும், அதைப் பார்த்தவுடன் பிழை தெரியும்.

நுணுக்கமான பிழை வேறு. ஜிஜிஏ வரியில் வரும் உயரம் ரிசீவருக்குள் இருக்கும் கரடுமுரடான மாதிரியால் ஏற்கனவே கடல்மட்டத்துக்கு மாற்றப்பட்டது. மென்பொருள் அதைத் தெரியாமல் தன் மாதிரியையும் மேலே போட்டால் விடை கெடும். எந்த உயரத்தைச் சேமிக்கிறீர்கள் என்று பாருங்கள். எலிப்சொயிட் உயரத்தையே எப்போதும் சேர்த்துச் சேமியுங்கள்.

உலகளாவிய ஜியோயிட் மாதிரி டெசிமீற்றர் அளவில் பிழைவிடும். வடிகான், வெள்ள மட்ட வேலைகளுக்கு அருகிலுள்ள மட்டக்குறியில் அளந்து, அந்த வித்தியாசத்தைத் தளம் முழுக்கப் பயன்படுத்துங்கள். மில்லிமீற்றர் கேட்டால் மட்டமானிதான்.

9. சொந்தமாக பேஸ் வைப்பதானால்

பெரிய தளத்தில் பல வாரம் வேலை என்றால் சொந்த பேஸ் இலாபம். பேஸின் ஆள்கூற்றில் உள்ள பிழை ஒன்றுக்கு ஒன்றாக ரோவருக்கு (நீங்கள் கொண்டு நடக்கும் ரிசீவர்) வந்துசேரும், அதனால் இதில் சுருக்கவழி எடுக்க வேண்டாம். ரிசீவரின் தானியங்கிச் சராசரியைச் சில நிமிடம் ஓடவிட்டு அதையே பேஸ் ஆள்கூறாக வைப்பதுதான் பரவலான சுருக்கவழி.

நிலையான கொங்கிறீற் தளத்தில், வானம் முழுதாகத் தெரியும் இடத்தில் அன்டெனாவைப் பொருத்துங்கள். 24 மணித்தியாலம் மூலத் தரவைப் பதிவு செய்து, எல்லா மென்பொருளும் படிக்கும் பொது வடிவமான ரைனெக்ஸ் கோப்பாக மாற்றுங்கள். கனடாவின் சிஎஸ்ஆர்எஸ்–பிபிபி, அவுஸ்திரேலியாவின் ஆஸ்பொஸ் இரண்டும் கோப்பை ஏற்றினால் கணக்கிட்டுத் தரும், கட்டணமில்லை. உடனடியாகவும் விடை வரும். ஆனால் இறுதிச் செய்மதிப் பாதைத் தரவு வெளியாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும், அதற்குப் பிறகு ஒருமுறை திரும்ப ஏற்றுங்கள். கொழும்பில் எஸ்ஜிஓசி என்ற ஐஜிஎஸ் நிலையமும் (சர்வதேச நிரந்தர நிலைய வலையமைப்பில் ஒன்று) இருக்கிறது. அதன் தரவோடு உங்கள் கோப்பை நேரடியாக ஒப்பிட்டுக் கணக்கிட்டால் நல்ல குறுக்குச் சோதனை.

கிடைக்கும் விடை ஐடிஆர்எஃப்பில் இருக்கும். உள்ளூர் முறைக்குக் கொண்டுவர, உங்கள் ரோவரைக் குறைந்தது மூன்று கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் வைத்து அளந்து தள இசைவாக்கம் செய்யுங்கள், அதாவது அளந்த எண்களை அந்தப் புள்ளிகளின் தெரிந்த ஆள்கூறுகளோடு பொருத்துங்கள். மூன்றும் தளத்தைச் சுற்றி இருக்கட்டும். ஒரே வீதியில் வரிசையாக இருந்தால் குறுக்குத் திசையில் பிழை பெருகும்.

யூஎச்எஃப் வானொலி வழியாகத் திருத்தம் அனுப்புவதானால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் தேவை. நகருக்குள் இணையம் வழி அனுப்புவதே எளிது.

10. ஃபிக்ஸ் வராதபோது பார்க்கும் வரிசை

எல்லா அமைப்பையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது காரணம் என்று பிறகு தெரியாது. கீழே உள்ள வரிசை மலிவான சோதனையிலிருந்து கடினமானதுக்குப் போகிறது.

முதலில் நிலையைப் பாருங்கள். ஜிஜிஏயில் 1 என்றால் திருத்தமே சேரவில்லை, 2 என்றால் மீற்றர் வகைத் திருத்தம், 5 ஃப்ளோட், 4 ஃபிக்ஸ். 1இல் நின்றால் இணைப்பும் கடவுச்சொல்லும் ஜிஜிஏ அனுப்பலும். 2இல் நின்றால் ககன் மட்டும் எடுபடுகிறது, அல்லது 1005 செய்தி வரவில்லை. 5இல் நின்றால் சேவை சரி, வானம்தான் சரியில்லை. பத்து மீற்றர் தள்ளித் திறந்த இடத்தில் நின்று பாருங்கள். அங்கேயும் 5 என்றால் பேஸின் தூரமும் நேரமும். பிற்பகல் என்றால் கிட்டிய மவுண்ட்பொயின்ட்டுக்கு மாறுங்கள். கடைசியாக, பேஸும் ரோவரும் ஒரே அலைவரிசைகளை எடுக்கின்றனவா என்று பாருங்கள். பேஸ் எல்1–எல்2 அனுப்ப, ரோவர் எல்1–எல்5 மட்டும் எடுத்தால் பொதுவான அலைவரிசை ஒன்றுதான் மிஞ்சும்.

11. ஒப்படைக்கும் கோப்பு

பாகை வடிவில் கொடுக்கிறீர்கள் என்றால் தசமத்துக்குப் பின் குறைந்தது 8 இலக்கம் வையுங்கள். 5 இலக்கத்தோடு வெட்டினால் ஏறத்தாழ ஒரு மீற்றர் வரை பிழை வரலாம். எக்செல் தானாக இலக்கத்தைக் குறைக்கும், திறந்து சேமிக்கும்போது கவனம்.

கோப்போடு ஒரு பக்கக் குறிப்பு போகவேண்டும். ஆள்கூற்று முறையும் இபிஎஸ்ஜி எண்ணும், சேவையின் பெயரும் மவுண்ட்பொயின்ட்டும், பேஸின் ஆள்கூறும் அதன் சட்டகமும், அளந்த நாளும் நேரமும், அன்டெனா மாதிரி, கம்ப உயரம், உயரம் எந்த வகை, எந்த ஜியோயிட் மாதிரி, கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் தொடக்கத்திலும் முடிவிலும் கிடைத்த வித்தியாசங்கள். இவற்றில் கடைசியானதை எழுதப் பலர் தயங்குகிறார்கள். 2 சென்ரிமீற்றர் வித்தியாசம் எழுதியிருப்பதைப் பார்த்து எந்த அனுபவசாலியும் குறை சொல்லமாட்டார், எழுதாமல் விட்டால்தான் சந்தேகப்படுவார்.

மூலத் தரவுக் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள். சேவை நிறுவனம் பின்னர் பேஸின் ஆள்கூற்றைத் திருத்தினால், திரும்பக் களத்துக்குப் போகாமல் அலுவலகத்திலிருந்தே புதிதாகக் கணக்கிடலாம்.